வேதியியல் பிஎச்.டி. முடித்துவிட்டு அறிவியல் செய்தியாளர் ஆகலாமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி வெயில் கேட்டது:

வணக்கம். மின்வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். ஜிங்க்-ஏர் பேட்டரிக்கான வினையூக்கிகள்தான் தலைப்பு. தீசிஸ் கொடுத்தாயிற்று, வைவாவுக்குக் காத்திருக்கிறேன். மாதம் 42,000 ரூபாய் வந்துகொண்டிருந்த எஸ்ஆர்எஃப் உதவித்தொகை நின்றுவிட்டது. அதனால் அடுத்தது என்ன என்ற கேள்வி வீட்டில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வருகிறது.

எனக்கு லேப் பிடிக்காமல் இல்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷமாக ஒன்று தெளிவாகத் தெரிகிறது. என் பேட்டரி செல்லை ஓட்டிவிட்டு ராத்திரி முழுக்கக் கரன்ட் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட, ஜர்னல் கிளப்பில் அடுத்தவர் பேப்பரை எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லும் நாளில்தான் எனக்கு உயிர் வருகிறது. அப்பா ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறார். லீவில் போனால் நான்தான் கல்லாவில். வருகிறவர்களுக்கு, பேட்டரியில் ஏன் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஏறும்போது தண்ணீர் எப்படி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது, போர்வெல் தண்ணீர் ஊற்றினால் அதிலிருக்கும் உப்புகள் தகட்டை என்ன செய்யும் என்றெல்லாம் சொல்வேன். பொறுமையாகக் கேட்பார்கள், திருப்பிக் கேள்வியும் கேட்பார்கள். அந்தக் கேள்விகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதையே வேலையாகச் செய்ய முடியுமா? வேதியியல் ஆராய்ச்சியைப் பற்றி எழுதிச் சம்பாதிக்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்களா? நாள் முழுக்க அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) முடித்துவிட்டு வருவது நல்லதா, இப்போதே இறங்கலாமா? உண்மையான நிலவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பொள்ளாச்சி போஸ்ட்டாக் எழுதியது:

தம்பி, நான் தென்கொரியாவில் பொருளறிவியல் போஸ்ட்டாக். என் யோசனை, முடிந்தால் ஒரு வருஷமாவது வெளியே வந்து ஒரு லேபில் இருந்துவிட்டுப் போங்கள். அனுபவத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஆட்களைத் தெரிந்துகொள்வதற்காகவும்தான். பின்னாடி ஒரு பேப்பரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் போடுவது என்று தெரிய வேண்டும்.

2023 ஜூலையில் எல்கே-99 வந்த சமயம் நான் இங்கேதான் இருந்தேன். சாதாரண வெப்பநிலையில் மின்தடையே இல்லாத பொருள் என்று முன்வரைவு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் பேப்பர்) வெளியானதும் உலகம் முழுக்க ஒரே கொண்டாட்டம். கடைசியில் அது அப்படிப்பட்ட பொருள் இல்லை என்று ஆயிற்று. முடிச்சை அவிழ்த்ததில் பெரிய பங்கு ஒரு வேதியியலாளருடையது. இலினாய் பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் ஜெயின், மின்தடை சடாரென்று விழுந்த வெப்பநிலையைப் பார்த்தார். 104 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. தாமிர சல்ஃபைடு தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலையும் அதுதான் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அந்தப் பொருளில் வேலை செய்தவர். எல்கே-99 தயாரிப்பில் தாமிர சல்ஃபைடு கழிவாகச் சேர்வதும் உண்டு, மின்தடையை விழவைத்தது அதுதான். அந்த ஒரு எண்ணைப் பார்த்து நிற்கத் தெரிந்த செய்தியாளர்கள் அன்றைக்கு ரொம்பக் குறைவு. உங்களைப் போல ஆட்கள் வந்தால் நல்லதுதான். சம்பளத்தைப் பற்றி அந்த வேலையில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வடிதாள் எழுதியது:

நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிஎச்.டி. கரிம வேதியியலில், பல்லேடியம் வினையூக்கம். அப்புறம் ஜெர்மனியில் போஸ்ட்டாக். இப்போது சென்னையில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வேதியியல் இதழ்களுக்கு ஆங்கிலத்திலும், இங்கே இணைப்பிதழ்களுக்குத் தமிழிலும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எனக்கு இதை யாரும் அப்போது சொல்லவில்லை.

விளக்குவது உங்களுக்குப் பிடிக்கும் என்கிறீர்கள். அது வேண்டும். ஆனால் வேதியியல் படித்தவரை ஒரு எடிட்டர் தேடுவது அதற்காக மட்டும் இல்லை. நன்றாக எழுதத் தெரிந்த, வேதியியல் படிக்காத ஒருவர் உங்களைவிட அழகாக விளக்கிவிடுவார். உங்களிடம் இருக்கிற, அவரிடம் இல்லாத பழக்கம் ஒன்று உண்டு. குடுவைக்குள் என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், வெளியே என்ன வந்தது, கணக்கு நேராகிறதா என்று பார்க்கும் பழக்கம். பிஎஸ்சி முதல் வருஷத்திலிருந்து நமக்கு அதுதான் பயிற்சி. செய்தியறையில் அந்தக் கணக்கைப் போட ஆள் இல்லை.

என் பழைய துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். சுசூகி வினை உங்களுக்குத் தெரியும். இரண்டு கார்பன்களைப் பல்லேடியத்தை வைத்து ஒட்டும் வேலை, 2010 நோபல். ரத்தக்கொதிப்புக்குப் பலரும் போடும் லோசார்ட்டன் மாத்திரையின் தயாரிப்பில்கூட அது பயன்பட்டிருக்கிறது. பல்லேடியம் விலை அதிகம், மருந்தில் மிச்சம் இருக்கவும் கூடாது. அதனால் 2021 ஜனவரியில் நேச்சர் கேட்டலிசிஸ் இதழில் சீனக் குழு ஒன்று, உலோகமே இல்லாமல் வெறும் அமீனை (நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மம்) வைத்தே இந்த வினையை நடத்தினோம் என்று எழுதியபோது பெரிய செய்தியாயிற்று. பத்திரிகைக் குறிப்பை மட்டும் படித்தால் அது ஒரு புரட்சி.

ஆனால் இந்தத் துறையில் கையை நனைத்தவர்களுக்கு ஒரு பழைய கதை ஞாபகம் இருக்கும். 2003இல் ஒரு குழு உலோகம் இல்லாமல் மைக்ரோவேவில் சுசூகி வினை நடப்பதாகச் சொன்னது. அதே குழுவே 2005இல் திரும்பிப் பார்த்து, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 50 பிபிபி அளவுக்குப் பல்லேடியம் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்துத் தானே எழுதியது. ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். அவ்வளவு போதும் அந்த வினைக்கு. ஆகவே 2021 பேப்பரைக் கையில் வாங்கும் வேதியியலாளர் முதலில் கேட்பது, ‘இந்த அமீனை நீங்கள் எப்படித் தயாரித்தீர்கள்?’ என்றுதான். அதைத் தயாரித்ததில் ஒரு படி பல்லேடியம் வைத்துச் செய்த இணைப்பு வினை. சுத்தம் செய்த பிறகும் பல்லேடியச் சேர்மம் அமீனோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தது. பல குழுக்கள் சரிபார்த்தன, அதே வருஷம் டிசம்பரில் பேப்பர் திரும்பப் பெறப்பட்டது.

கேள்விக்கான பதில் பேப்பரோடு இணைத்த பின்னிணைப்பிலேயே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் என்று நூறு பக்கத்துக்குக் கிடக்குமே, அதைத்தான் சொல்கிறேன். நான் பேப்பரின் சுருக்கத்தைப் படித்ததும் நேராக அங்கேதான் போவேன். வினையை என்ன அளவில் செய்தார்கள்? 92 சதவீத விளைச்சல் என்பார்கள். உள்ளே பார்த்தால் 0.2 மில்லிமோல். அதாவது கிடைத்த பொருள் ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அந்த 92 பிரித்தெடுத்து எடை போட்டதா, என்எம்ஆர் என்ற நிறமாலைக் கருவியில் பார்த்துக் கணக்கிட்டதா? ‘பசுமை முறை’ என்று தலைப்பு, கரைப்பான் நச்சுள்ள டைகுளோரோமீத்தேனாக இருக்கும். வினையூக்கி இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்களா? இதெல்லாம் உங்களுக்கு இப்போதே கண்ணில் படும். உங்கள் பிஎச்.டி. எங்கேயும் வீணாகப் போகாது.

நாள் முழுக்க என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள். காலையில் புதிய பேப்பர்களின் பட்டியல், முன்வரைவுத் தளங்கள். எழுதத் தகுந்தது என்று பட்டால் எடிட்டருக்கு நாலு வரி பிட்ச். ஒப்புக்கொண்டால் ஆசிரியர்களுக்குக் கடிதம், அந்த வேலையில் சம்பந்தமே இல்லாத இன்னும் இரண்டு பேருக்குக் கடிதம். வெளியாள் கருத்து இல்லாமல் ஒரு ஆராய்ச்சிச் செய்தியை நான் அனுப்புவதே இல்லை. அப்புறம் எம்பார்கோ. இதழ்கள் பேப்பரை முன்கூட்டியே செய்தியாளர்களுக்குத் தருவார்கள், குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது. நேச்சருக்குப் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி. நமக்கு அது கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. சயன்ஸுக்கு வியாழன் அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி, நமக்கு நள்ளிரவை ஒட்டி. குடும்பத்தோடு இருப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பேட்டியில் ஒரு விஷயம். கைடிடம் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். பேப்பரின் முதல் பெயராக இருக்கும் மாணவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். கைடுக்கு அந்த வேலையின் பெருமை தெரியும், மாணவருக்குத்தான் அதன் கதை தெரியும். ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். ஜூலையில் அருமையாக நடந்த வினை மார்ச்சில் நடக்கவே இல்லையாம். மருந்துகளை மாற்றிப் பார்த்து, குடுவையை மாற்றிப் பார்த்து, தன் கையே சரியில்லை என்று அழுதே விட்டாளாம். கடைசியில் பார்த்தால் மழைக்காலக் காற்றிலிருந்து கரைப்பானில் இறங்கிய துளி ஈரம்தான் வினையைத் தொடங்கிவைத்திருக்கிறது. அதன்பிறகு அளந்து தண்ணீர் சேர்த்தாள், வருஷம் முழுக்க நடந்தது. பேப்பரில் இது ‘நீரின் சுவடு அவசியம்’ என்று ஒரே வரி. என் கட்டுரை அந்த ஒரு வரியில்தான் நின்றது. பெயர் வெளியே வராமல் உழைக்கிற அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பணம். மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்க வேதியியல் கழகத்தின் கெமிக்கல் அண்ட் எஞ்சினியரிங் நியூஸ், லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் கெமிஸ்ட்ரி வேர்ல்ட் மாதிரி இதழ்களில் வேதியியல் படித்தவர்களே எழுதுகிறார்கள், வெளியாட்களிடமும் கட்டுரை வாங்குவது உண்டு. அந்த வகை இதழ்கள் சொல்லுக்கு இவ்வளவு என்று தருவதால் அதில் பிழைக்கலாம். ஆனால் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். தமிழில் கிடைப்பது பெட்ரோலுக்குக் காணாது. நான் ஆரம்பத்தில் பகலில் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு மொழித்திருத்தம் செய்துதான் வாடகை கொடுத்தேன். ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளாமல் முழுநேரமாக இறங்காதீர்கள். ஆராய்ச்சி நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவில் மாதச் சம்பள வேலையும் உண்டு. ஆனால் அங்கே நீங்கள் நிறுவனத்தின் குரல். அதுவும் மரியாதையான வேலை. செய்தியாளர் வேலையோ வேறு. ஒரே விஷயத்துக்கு இரண்டு தொப்பியையும் போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய டெஸ்க் எழுதியது:

மேலே வடிதாள் அம்மா சொன்ன கணக்கு விஷயத்தை நான் கண்ணால் பார்த்தவன். தமிழ் நாளிதழ் ஒன்றில் செய்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

1996இல் மூலிகைப் பெட்ரோல் என்று நம் ஊரே கொந்தளித்தது இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை. இலையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, கொஞ்சம் உப்பு, எலுமிச்சை என்று சேர்த்துக் கலக்கினால் மேலே எரியும் திரவம் மிதக்கும். டெல்லியில் அதிகாரிகள் முன்னாலேயே செய்து காட்டினார். டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு. தமிழன் கண்டுபிடித்ததை அமுக்கப் பார்க்கிறார்கள் என்று கோபம் வேறு. எங்கள் அறையில் அரசியல் தெரிந்தவர் இருந்தார், சினிமா தெரிந்தவர் மூன்று பேர் இருந்தார்கள், வேதியியல் படித்தவர் ஒருவரும் கிடையாது.

அப்போது மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் வாத்தியார் எங்கள் நிருபரிடம் சொன்னார்: “பெட்ரோல் என்றால் கார்பனும் ஹைட்ரஜனும். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது, கார்பன் கிடையாது. அப்படியானால் அவ்வளவு கார்பனும் அந்த ஒரு கைப்பிடி இலையிலிருந்துதான் வர வேண்டும். இலையை எடை போட்டீர்களா? வந்த எண்ணெயை எடை போட்டீர்களா?” நிருபர் போடவில்லை. அதை எந்த நிருபரும் போட்டதாக எனக்கு நினைவில்லை. கலக்கும் குச்சிக்குள் எரிபொருளை ஒளித்து வைத்திருந்தார் என்ற விளக்கம் பிறகு வந்தது. அவர் விற்றது டொலுவீன், நாப்தா கலவை என்று சிபிஐ வழக்கு போட்டு, 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்று வருஷத் தண்டனை கொடுத்தது. அதற்குள் இருபது வருஷம் ஓடிப்போயிற்று. நம்பிப் பணம் போட்டவர்கள் எத்தனை பேர்!

ஒரு தராசு இருந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய செய்தி அது. தம்பி, நீங்கள் வாருங்கள். வேதியியல் தெரிந்த ஒரு ஆள் ஒரு மாவட்டப் பதிப்பில் இருந்தால் போதும், தொழிற்சாலைக் கசிவு, கிணற்று நீர், பட்டாசு ஆலை வெடிப்பு என்று வருஷம் முழுக்க வேலை இருக்கிறது.

க்யூசி ராத்திரி ஷிப்ட் எழுதியது:

நான் மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. செய்தியாளர் இல்லை. ஆனால் செய்தியாளர்கள் எங்களிடம் என்ன கேட்பதில்லை என்று சொல்ல முடியும்.

2025 அக்டோபர் இருமல் மருந்து விவகாரம் எல்லோருக்கும் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப், மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனையில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அன்று டிவியில் ‘நச்சு ரசாயனம் கலந்திருந்தது’ என்றே ஓடிக்கொண்டிருந்தது. கேட்கிறவருக்கு ஏதோ ஒரு சொட்டு தவறி விழுந்த மாதிரி இருக்கும். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். 48.6 என்றால் 100 மில்லியில் 48.6 கிராம், குழந்தைக்குக் கொடுக்கும் 5 மில்லியில் ஏறக்குறைய 2.4 கிராம். அந்த அளவைப் பார்த்தால் தவறி விழுந்தது என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். கரைப்பான் இருக்க வேண்டிய இடத்திலேயே அது இருந்திருக்கிறது.

சிரப்பில் கரைப்பானாக ஊற்ற வேண்டியது புரொப்பிலீன் கிளைக்கால். டைஎத்திலீன் கிளைக்காலும் அதே மாதிரி நிறமில்லாமல், பிசுபிசுப்பாக, இனிப்பாக இருக்கும். விலை குறைவு, தொழிற்சாலைக்கானது. உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தை அழிக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் ஜிசியில் (கலவையை ஆவியாக்கித் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஒரு ஓட்டம் போதும். ஒன்றின் கொதிநிலை 188, இன்னொன்றின் கொதிநிலை 245 டிகிரி. ஒவ்வொன்றின் உச்சமும் தாளில் தனியாக வந்து நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது ‘யார் குற்றவாளி’ என்பதோடு சேர்த்து, ‘அந்த டிரம் எங்கிருந்து வந்தது, உள்ளே வந்த அன்று ஒவ்வொரு டிரம்மிலும் மாதிரி எடுத்தார்களா, அந்த ஜிசி தாள் எங்கே’ என்பதும்தான். இந்தக் கேள்வியோடு வாசலில் வந்து நிற்கிற ஒரு செய்தியாளரைப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் அடுத்த நாளிலிருந்து ஒழுங்காக மாதிரி எடுக்கும்.

காரைக்குடி வெயில் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வடிதாள் அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். பணப் பகுதியை மட்டும் இரண்டாவது முறை படிக்கச் சொன்னார்.

இன்னும் இரண்டு சந்தேகம். என் ஆங்கிலம் பேப்பர் எழுதும் ஆங்கிலம், கதை சொல்லும் ஆங்கிலம் இல்லை. தமிழில் தொடங்கினால் போதுமா? அப்புறம், எழுதியதை அச்சுக்கு முன் அந்தப் பேராசிரியரிடம் காட்ட வேண்டுமா? எங்கள் பக்கத்துத் துறைப் பேராசிரியர் ஒருவர், என்னைப் பற்றி எழுதினால் முழுவதையும் நான் பார்த்துத் திருத்திய பிறகுதான் போக வேண்டும் என்கிறார்.

வடிதாள் எழுதியது:

க்யூசி நண்பருக்கு முதலில் ஒன்று சேர்க்க வேண்டும். அந்தச் செய்தியில் இன்னொன்றும் விட்டுப்போயிற்று, அது பழைய கதை என்பது. 1937இல் அமெரிக்காவில் இதே டைஎத்திலீன் கிளைக்காலில் சல்ஃபா மருந்தைக் கரைத்து விற்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மறு வருஷமே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2022இல் காம்பியாவிலும் அப்படியே. இத்தனைக்குப் பிறகும் 2025இல் புதிதாக நேர்ந்த விபத்து மாதிரி நாம் அதைப் படித்தோம். எனக்கு அதில் இன்னும் கோபம் தணியவில்லை.

அதே வாரம்தான் வேதியியல் நோபலும். அக்டோபர் 8, புதன்கிழமை, நம் நேரம் பிற்பகல் மூன்றேகாலுக்கு மேல். கிதாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் உலோக-கரிமச் சட்டகங்களுக்காக. சாயங்காலத்துக்குள் தமிழில் அரைப்பக்கம் வேண்டும் என்றார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன எழுதுவது? உலோக அயனி, கரிம இணைப்பி, துளைகள் என்று நேராகத் தொடங்கினால் இரண்டாவது வரியில் ஆள் போய்விடுவார். நான் ராப்சனிலிருந்து தொடங்கினேன். 1974இல் மெல்போர்னில் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்ய மரப்பந்துகளில் துளை போடச் சொல்லிப் பட்டறைக்குக் கொடுக்கிறார். எந்தப் பந்தில் எந்தக் கோணத்தில் துளை என்று அவரே குறித்துத் தர வேண்டும். துளைகள் சரியான இடத்தில் இருந்தால் குச்சியைச் செருகச் செருக உருவம் தானாகவே சரியாக வந்துவிடுகிறது என்று பார்க்கிறார். அணுக்களையே அப்படி வைத்துக் கட்டலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்து, பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் செய்து பார்க்கிறார், 1989இல் வெளியிடுகிறார். இதைச் சொன்ன பிறகு, யாகியின் குழு அந்தச் சட்டகங்களை வைத்து அரிசோனா பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் இறக்கியதைச் சொன்னால் வாசகர் கூடவே வருவார். திருநெல்வேலியிலிருந்து ஒரு தச்சர் அந்த நாளிதழுக்குப் போன் செய்து, மரத்தில் அந்தக் கோணம் எடுப்பது எவ்வளவு சிரமம் தெரியுமா என்று பேசியிருக்கிறார். எனக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஆகவே தமிழில் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை. உங்கள் கடைக் கல்லாவில் நின்று நீங்கள் சொல்கிற தமிழே போதும், அதை எழுத்தில் இறக்குங்கள். ஆங்கிலம் பக்கத்தில் ஓடட்டும். சொந்த ஆராய்ச்சியையே பொதுமக்களுக்கு எழுதும் அவ்சார் போட்டியை 2018இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கியது. அதில் வந்த கட்டுரைகளைத் தேடிப் படித்துப் பாருங்கள், நம் வயதுப் பிள்ளைகள் எழுதியவை. போஸ்ட்டாக் பற்றி, பொள்ளாச்சி தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது கட்டாயம் இல்லை. என் மதிப்பில், எழுதும் ஆசை இவ்வளவு இருக்கும்போது அதைத் தள்ளிப்போட ஒரு போஸ்ட்டாக் எடுக்காதீர்கள். நல்ல லேபும் நல்ல கேள்வியும் அமைந்தால் போங்கள்.

பேராசிரியரிடம் காட்டுவது. முழுக் கட்டுரையைக் காட்டாதீர்கள். அவர் சொன்ன மேற்கோளை அவருக்கே படித்துக் காட்டலாம். எண், அலகு, சேர்மத்தின் பெயர், வினையை நீங்கள் விவரித்த அந்த ஒரு பத்தி, இவற்றைச் சரிபார்க்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் வெளியாள் ஒருவர் அவர் வேலையைப் பற்றிச் சொன்ன குறை அந்தக் கட்டுரையில் இருக்கும். அதை எடுக்கச் சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது. எனக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து, இயக்குநர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் போடலாம் என்று கடிதம் வந்தது. மரியாதையாக மறுத்து, எடிட்டரிடமும் சொல்லிவிட்டு, கட்டுரையை வெளியிட்டோம். அந்த விஞ்ஞானி இன்றைக்கும் என் போனை எடுக்கிறார். பேட்டி தொடங்கும் முன்பே இந்த விதியைச் சொல்லிவிடுங்கள், பின்னால் மனஸ்தாபம் வராது.

இப்போது ஒரு வேலை தருகிறேன். உங்கள் நிறுவனத்தில் இந்த மாதம் வெளியான பேப்பர் ஒன்றை எடுங்கள். உங்கள் கைடுடையது வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பின்னிணைப்பு முழுவதையும் படியுங்கள். முதல் ஆசிரியரோடு கேன்டீனில் அரைமணி நேரம் உட்காருங்கள், எங்கே சொதப்பியது என்று கேளுங்கள். வேறு ஊரில் அதே துறையில் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் போட்டு, இதில் உங்களுக்கு எது புதிது, எது சந்தேகம் என்று கேளுங்கள். 600 சொல்லில் தமிழில் எழுதி இந்த இழையிலேயே போடுங்கள். நான் வரிக்கு வரி குறிப்பு எழுதுகிறேன். பழைய டெஸ்க் ஐயா தலைப்பைப் பார்த்துத் தருவார் என்று நினைக்கிறேன்.

பழைய டெஸ்க் எழுதியது:

கண்டிப்பாக. தலைப்பு ஆறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

காரைக்குடி வெயில் எழுதியது:

சரி அக்கா, சரி ஐயா. பக்கத்து லேபில் உப்புநீரிலிருந்து லித்தியம் பிரிக்கிறார்கள், போன வாரம்தான் பேப்பர் வந்தது. அந்த அண்ணனிடம் நாளைக்கு மத்தியானம் கேன்டீனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.